விலாசம்

பதினாறு இரும்புத் தகடுகள், உப்புத் தண்ணீரில்.
பதினாறு கம்பிகள், ஒரு பச்சை அட்டைக்குள்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
ஒவ்வொன்றையும் கேட்டுக் கணினிக்குச் சொல்லும் அட்டை:
இவ்வளவு மில்லிவோல்ட்.

மைனஸ் அறுநூறு என்றால் துரு.
பூஜ்யத்தை ஒட்டி வந்தால் பூச்சு தாங்குகிறது.
முதல் எட்டும் பூஜ்யத்தை ஒட்டியே வந்தன
மூன்று வாரமாய்.
அடுத்த எட்டும் கிறுக்கின.
கம்பிகளைக் கழற்றி மறுபடி பற்றவைத்தோம்.
மறுபடி கிறுக்கின.
பாதிக்குப் பாதி போதும் என்று
'பூச்சு வெற்றி' எனத் தொடங்கும் அறிக்கையை
ஜெசிந்தா அடித்தே வைத்துவிட்டாள்.

தொட்டியைத்தான் யாரும் பார்க்கவில்லை.
வெள்ளிக்கிழமை மூடியைத் தூக்கினேன்.
தண்ணீர் வெற்றிலை எச்சில் நிறத்தில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கையேடு தேடினோம்.
அட்டையின் எண்ணைத் தட்டியதும் கொட்டியது.
ஒன்று ஜெர்மன் மொழியில்.
ஒன்று விற்பனைத் தாள்:
டை கட்டிய ஒருவர் அட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்.
ஒன்று எல்லாம் சரி, நூற்றுப் பத்துப் பக்கம்,
அதில் வரைந்திருந்த ஜம்பர் மட்டும்
எங்கள் அட்டையில் இல்லை.
இல்லாததைத் தேடி
இரண்டு நாள் டார்ச் அடித்தோம்.

காரைக்குடியில் இறங்கி
'மெய்யப்பன் வீடு எது?' என்று கேட்டுப் பாருங்கள்.
ஆட்டோக்காரரே சிரிப்பார்.
எந்த மெய்யப்பன்? விலாசம் என்ன?
பழ. அரு.வா, சித. லெ.வா?
செக்காலை ரோட்டில் மட்டும்
ஏழு மெய்யப்பன் இருப்பார்கள்.

இது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.
ஆனாலும் அட்டையைத் திருப்பிப் பார்க்க
இத்தனை நாள் ஆயிற்று.
பார்கோடுக்குக் கீழே, எறும்பு அளவில்,
எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு, ஒரு 'பி'.
நாங்கள் படித்துக்கொண்டிருந்தது 'டி'.
பெயர் ஒன்று, வீடு வேறு.

'பி' எந்தத் திரையிலும் இல்லை.
நூலகத்து ரஹ்மத்துனிஷாவிடம் இருந்தது.
அட்டையோடு வந்த புத்தகத்தை என்றோ ஒரு தணிக்கைக்காக
'இதர – 1' என்று பதிவு செய்து
தீயணைப்பு விதிகளுக்கும் இந்திப் பயிற்சிக்கும் நடுவே
நிறுத்தி வைத்திருந்தார்கள்.
சுருள் கம்பி கட்டு. நாற்பது பக்கம்.
முப்பத்தொன்றில் யாரோ பென்சிலால்:
'ஜம்பர் இருந்தால் எட்டு, எடுத்தால் பதினாறு. மறக்காதே.'
மறந்தது யார் என்று தெரியவில்லை.

இருந்தது. கீழ்ப்புறம், தூசிக்குள்.

போன தையில் கல்யாணம்.
கோயில் கணக்கில் எங்களை எழுதினார்கள்:
இரண்டு பேர், ஒரு புள்ளி.
அதே கணக்குத்தான் அட்டைக்கும்.
ஒன்றும் ஒன்பதும் ஒரு புள்ளி,
இரண்டும் பத்தும் ஒரு புள்ளி.
ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து
மிச்சத்தை மட்டும் சொல்லும்.
இரண்டு தகடும் ஒரே வேகத்தில் அரித்துப்போனால்
மிச்சம் பூஜ்யம்.
திரையில் அமைதி.

இதை இரவு ஓசூருக்கு ஃபோனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு
'சாப்பிட்டாயா?' என்றார்.
'நீங்க?' என்றேன்.

சனிக்கிழமை குறட்டால் ஜம்பரைப் பிடுங்கினேன்.
பத்து நிமிடம்.
மைனஸ் அறுநூற்றுப் பன்னிரண்டு.
மைனஸ் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
பதினாறும் வரிசையாக ஒப்புக்கொண்டன.
ஜெசிந்தா ஒன்றும் பேசாமல்
முதல் பத்தியை அழித்தாள்.
மூன்று வாரத்துக் கோப்பை அழிக்கவில்லை,
பெயரில் 'கழித்தது' என்று சேர்த்தாள்.

பெட்டி மூடிமேல் மார்க்கரால்
எண், கோடு, பி என்று பெரிதாக எழுதினேன்.
'பி'க்குப் பக்கத்தில் எதற்குப் புள்ளி என்றாள்.
விலாசம் என்றால் புள்ளி வைக்கணும் என்றேன்.
நம் ஊரில் பெயருக்கு முன்னால்,
அவர்கள் ஊரில் பின்னால்.